பென் டிரைவும் பிடுங்கல் அப்டேட்டும்

கே: பென் டிரைவில் போர்ட்டபிள் மென்பொருள்கள் வைத்திருக்கிறேன். செருகும்போதெல்லாம் ‘அப்டேட் செய்யவா?’ என்று நச்சரிக்கின்றன. மொத்தமாக ‘வேண்டாம்’ சொல்லிவிடலாமா?

ப: சொல்லலாம், ஆள் பார்த்து! பயர்பாக்ஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இணையத்தில் கண்டவரோடும் கைகுலுக்குகிற பிரவுசருக்குத் தடுப்பூசி தள்ளிப்போகக் கூடாது. உங்கள் சொந்தப் படங்களை மட்டும் திறக்கிற மென்பொருள் கொஞ்ச நாள் காத்திருந்தால் குடி முழுகாது.

நச்சரிப்பவர்களைவிட வாயே திறக்காதவர்களிடம்தான் எனக்குப் பயம். சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. ஏஸ் வகைக் கோப்புகளைப் பிரிக்கும் அதன் பகுதியில் ஏறக்குறைய 19 வருடமாக ஓர் ஓட்டை இருந்தது 2019இல்தான் ஊருக்குத் தெரிந்தது. 5.70 பதிப்பில் ஏஸையே தூக்கிவிட்டார்கள். பழைய பதிப்பைப் பத்திரமாக வைத்திருப்பவர்களிடம் ஓட்டையும் பத்திரமாக இருக்கிறது!

அப்டேட்டுக்கு முன் அந்த மென்பொருள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். பெரும்பாலும் செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். புதுசு பிடிக்காவிட்டால் பழசைத் திரும்ப வைத்தால் போதும். காப்பியையும் அதே பென் டிரைவில் போட்டு, அதை பஸ்ஸில் தொலைத்தால் கம்பெனி பொறுப்பல்ல.