கொல்லிமலையை ஏ4 தாளில் அடக்குதல்: ஒரு முறைசார் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி, ஒருவர் திருடன் என்று பாவித்துக்கொண்டு, பகடை உருட்டி, இல்லாத பூதத்தோடு சண்டை போடும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இத்துறைக்கு மூலநூல். பூதம் எங்கே நிற்கிறது, அம்பு அதுவரை எட்டுமா என்று தகராறு வந்த இடத்தில் கட்டம் போட்ட தரை தேவைப்பட்டது. அத்தரையைக் காடு, பாலம், குகை, கோயில் எனத் துண்டு துண்டாக வரைந்து, பிரிண்டரில் எடுத்து, வேண்டியபடி சேர்த்தும் பிரித்தும் ஆடுவதே ‘மாடுலர் பேட்டில் மேப்’. தொல்காப்பியர் வெட்சி முதலாகப் புறத்திணை ஏழையும் வகுத்தவர். ஆனால் போர்க்களம் எத்தனை தாளில் அமைய வேண்டும் என்று சூத்திரம் செய்யவில்லை. அக்குறையை நிரப்புவது இவ்வாய்வின் நோக்கம்.

2. களம் கொல்லிமலை ஆனது ஏன்?

என்னை? எனின், நாமக்கல் மாவட்டத்து இம்மலை பிறப்பிலேயே துண்டு துண்டானது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இவ்வகை ஆட்டத்துக்கு வேண்டிய பாத்திரங்களும் தயாராக உள்ளனர்: வில்லாளிக்கு இம்மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி, மந்திரவாதிக்குக் குகைச் சித்தர்கள், கோயிலுக்கு அறப்பளீசுவரர், சிரித்தே ஆளைக் கொல்லும் எதிரிக்குக் கொல்லிப்பாவை. காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதனாலும் அப்பாவையின் வடிவம் கெடாது என்பது நற்றிணையின் துணிபு. இங்க்ஜெட் மையில் எடுத்த எந்த வரைபடத்துக்கும் இத்தகைய சான்றிதழ் கிடையாது. தேநீர் ஒரு சொட்டு விழுந்தால் காடு ஏரியாகிவிடும். ஆகவே லேசர் பிரிண்ட், முடிந்தால் லேமினேஷன் என்க.

3. முன்னோர் முயற்சிகள்

நம்மவர் முயற்சி ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி; கரித்துண்டு ஒன்றும் கோயில் திண்ணையும் போதும். பிரிண்டர் வேண்டாம். ஆனால் அக்களம் எங்கே வரைந்தாலும் ஒன்றே. அதில் ஆற்றைச் சேர்க்கவோ பாலத்தை உடைக்கவோ இடமில்லை.

ஐரோப்பாவில், ஜெர்மானியரான ஹெல்விக் 1780இல் சதுரங்கப் பலகையை 1,617 கட்டங்களாக விரித்து, நிலத்தின் வகைக்கேற்ப வண்ணம் தீட்டினார். அடுத்து வந்த ரைஸ்விட்ஸ், பெயர்த்து அடுக்கக்கூடிய நிலத்துண்டுகள் கொண்ட பெரிய மேசை ஒன்றைச் செய்து, 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியமுக்கு அளித்தார். இன்றைய மாடுலர் மேப்புக்கு இதுவே பாட்டன். மேசையைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டியிருந்ததால் போலும், 1824இல் அவர் மகன் அதைத் தள்ளிவிட்டுத் தாளில் அச்சிட்ட வரைபடத்துக்கு மாறினார். 1976இல் கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் சுரங்க அறைகளைத் துண்டுத் தாள்களாகவே விற்றது. அரசனின் மரச்சாமான் நூற்றறுபத்து நான்கு ஆண்டுகளில் மாணவனின் காகிதமானது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

4. அளவியல்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதி எளிது. ஓர் அங்குலக் கட்டம் ஐந்தடி நிலம். அதாவது ஒன்றுக்கு அறுபது. ஒரு முறைக்கு ஆறு விநாடி. அதற்குள் சராசரி மனிதன் முப்பதடி, அதாவது ஆறு கட்டம் நகர்வான்.

ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், நீளம் 11.69. எட்டாவது கட்டத்தை அகலத்தில் திணித்தால் விளிம்பில் மூச்சுவிட இடமிராது. ஆகவே ஓரம் விட்டு எண்ணினால் குறுக்கே 7, நெடுக்கே 10; ஆக 70 கட்டம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் 70. புறத்திணை ஏழு, ஏ4 தாளின் குறுக்குக் கட்டம் ஏழு, நாடுகள் 14, இரண்டேழு. இதனைத் தற்செயல் என்பார் உளர். ஆய்வுக் கட்டுரையில் தற்செயலுக்கு இடமில்லை என்பது அவர் அறியாதது.

5. ஓரியின் அம்பு

வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டின்படி, ஓரி விட்ட அம்பு ஒன்று யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்திப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. உரையாசிரியர்கள் வில்லின் வலிமையை விளக்கினார்களே தவிர, கட்டக் கணக்கைத் தொடவில்லை. இங்கு அது முதன்முறையாகச் செய்யப்படுகிறது.

விதிநூல்படி யானைக்கு மூன்றுக்கு மூன்று கட்டம். புலிக்கு இரண்டுக்கு இரண்டு. மானுக்கும் பன்றிக்கும் ஒவ்வொன்று. ஐந்தையும் இடைவெளியின்றி வரிசையில் நிறுத்தி, தாளின் குறுக்கே அம்பை விடுவோம். மூன்றும் இரண்டும் ஐந்து, மானோடு ஆறு, பன்றியோடு ஏழு. தாள் முடிந்தது. உடும்பு அடுத்த தாளில் கிடக்கிறது.

இதனால் பெறப்படும் முடிபு பெரிது. ஒற்றைத் தாளில் ஆடியிருந்தால் உடும்பு பிழைத்திருக்கும், பாட்டு நான்கு விலங்கோடு நின்றிருக்கும். ஓரி தாமே நிற்பதற்கும் இந்தப் பக்கம் ஒரு தாள் வேண்டும். சண்டையின் உயிர் தாளின் நடுவில் இல்லை, இரண்டு தாள் சேரும் ஒட்டில் இருக்கிறது.

அற்றேல், தாளை நெடுக்காகத் திருப்பினால் பத்துக் கட்டம் உண்டே, உடும்பும் ஓரியும் அதிலேயே அடங்குவரே எனின், அடங்குவர். ஆனால் யானையை ஒட்டி நின்று அம்பு விடுகிறவனை யாரும் வல்வில் என்று பாட மாட்டார்கள். நெடுவில்லின் இயல்பான வீச்சு விதிநூலில் 150 அடி. அதாவது 30 கட்டம், நெடுக்கே மூன்று தாள். வள்ளலின் மானம் காக்கவேனும் தாள்களை ஒட்டியாக வேண்டும்.

6. ஆகாய கங்கைச் சிக்கல்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிச் சேரும் ஆகாய கங்கை ஏறத்தாழ 300 அடி உயர அருவி. நம் அளவையில் அது மேசைமேல் ஐந்தடி நிற்கும். தாளிலோ தட்டையான இரண்டு மூன்று நீலக் கட்டம். உயரத்தைக் காட்டத் தெரியாமை இவ்வரைபடங்களின் பிறவிக் குறை. பழகிய ஆட்டக்காரர்கள் காயின் பக்கத்தில் ஒரு பகடையை வைத்து, அதன் எண்ணால் உயரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் விதி உண்டு. பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் காயம். ஆனால் இருபது பகடைக்கு மேல் இல்லை. 300 அடிக்கு முப்பது பகடை விழ வேண்டும். ஆக, ஆகாய கங்கையின் கடைசி 100 அடியில் விழுவது முற்றிலும் இலவசம். சுற்றுலாப் பயணிகள் இதனை நம்பிச் செயல்பட வேண்டாம்.

7. முழு மலையையும் அச்சிடலாமா?

புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்கள் அனைவருக்கும் வரும் ஆசை இது. கொல்லிமலையின் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். ஒரு தாளில் அடங்குவது 1,750 சதுர அடி. வகுத்தால் ஏறக்குறைய 17 லட்சத்து 22 ஆயிரம் தாள், 3,444 ரீம், எடை எட்டரை டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 20 தாள் தள்ளும் பிரிண்டர் இரவு பகல் ஓடினால் 60 நாள். வைகாசி 20 வாக்கில் தொடங்கினால் ஆடிப் பதினெட்டில் வல்வில் ஓரி விழாவுக்குள் முடிக்கலாம். தாளுக்கும் தொலைவு போக வேண்டியதில்லை: தென்மேற்கே காவிரிக்கு அக்கரையில், கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலை காகிதபுரத்தில் இருக்கிறது. ஒட்டி முடித்தபின் விரிப்பதற்கு மட்டும் சுமார் 19 ஏக்கர் மேசை தேவை.

எனவே மலையை அச்சிடலாகாது. சண்டையை மட்டும் அச்சிட வேண்டும். ஒரு மோதலில் கால் படுவது நான்கு தாள். பாறை ஒன்று, ஓடை ஒன்று, காடு ஒன்று, வெறுந்தரை ஒன்று. அவற்றையே திருப்பியும் மாற்றியும் வைத்தால் இன்று சேலூர் நாடு, நாளை பைல் நாடு.

8. உரிமைச் சிக்கல்

ஆட்டம் முடிந்தபின் தாள்கள் யாருக்கு என்பதிலும் பூசல் உண்டு. இதற்கு முன்தீர்ப்பு சங்க காலத்திலேயே இருக்கிறது. சேரனுக்காக ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொல்லிமலை போய்ச் சேர்ந்ததோ சேரனிடம். வென்றவனுக்குப் புகழ், நடத்தியவனுக்கு நிலம். ஆகவே தாள்களை ஆட்டம் நடத்துகிறவரே சுருட்டி எடுத்துப்போக வேண்டும். வென்ற வில்லாளி வாயால் பாராட்டப்பட்டால் போதும்.

9. முடிபும் பரிந்துரையும்

ஒரு சண்டைக்கு நான்கு தாள்; ஒட்டுக்குப் பின்பக்கம் செல்லோடேப்; முன்பக்கம் ஒட்டினால் காய் வழுக்கும். கடைசியாக, இத்துறையின் பெரும் பிழை ஒன்றைத் தடுத்தாக வேண்டும். இவ்வரைபடங்களில் பல அமெரிக்கரின் ‘லெட்டர்’ தாளுக்கு வரையப்பட்டவை. அதன் அகலம் 8.5 அங்குலம். அதை ஏ4 தாளுக்குப் பொருத்தச் சொன்னால் பிரிண்டர் நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிடும். ஐந்தடிக் கட்டம் நாலடி பத்தங்குலமாகி, அத்தாளின் கோடு சுருங்காத தாளின் கோட்டோடு சேராது. ஆகவே வாசகர்களே, ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ போடுங்க.”