ஒரே டிரெஞ்சில் போன ஒயர்கள்

1980களில் கோவை நூற்பாலைகளில் வேலை பழகிய எங்களுக்கு வயரிங் என்றால் முதலில் அழகு. பவர் கேபிள், கன்ட்ரோல் ஒயர், மீட்டர் ஒயர் எல்லாம் ஒரே டிரெஞ்சில், முழத்துக்கு முழம் கட்டுப்போட்டு, வளையாமல் போக வேண்டும். பேனல் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் ஃபோர்மேன் விடமாட்டார். "எவன் வந்து பார்த்தாலும் கை வெக்கக் கூசோணும் தம்பி" என்பார்.

அந்த அழகால் அன்று ஒரு கெடுதலும் இல்லை. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும். வேகம் மாற வேண்டுமானால் புல்லியை மாற்றுவோம். நொடிக்கு 50 சைக்கிள் என்று நிதானமாகப் போய்வந்த கரன்ட், பக்கத்து ஒயரைத் தொந்தரவு செய்யவில்லை. மெயின்டனன்ஸ் அறையில் கோவை வானொலி 999 கிலோஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கும்.

பிறகு, மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் டிரைவ் வந்தது. அதன் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேனை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் அது இழுக்கும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் ஒரு மில்லில், ஃபேன் நிதானமாகச் சுழலத் தொடங்கிய அன்றே வானொலி கரகரத்தது. அதே டிரெஞ்சில் வந்த ஈரப்பத சென்சார் 58 என்றும் 71 என்றும் மாறி மாறிக் காட்டியது. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். அந்த எண்ணை நம்ப முடியாவிட்டால் பிளான்ட்டையே நம்ப முடியாது. சென்சாரை மாற்றினார்கள், அடங்கவில்லை. எர்த் சரியில்லை என்று புதுக் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டார்கள். டெஸ்டர் ஒரு ஓமுக்குக் கீழே காட்டியது. சென்சார் மட்டும் பழையபடியே துள்ளியது.

டிரைவ், சுமார் 590 வோல்ட் டி.சி.யை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் நொடியில் கோடியில் ஓரிரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் கேபிளின் இன்சுலேஷனையும் தாண்டி ஒரு சிறு கரன்ட் எர்த்துக்குக் கசிகிறது. அது பூமிக்குள் போய்க் கரைந்துவிடுவதில்லை; புறப்பட்ட டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். கிட்டத்தில் நல்ல வழி இல்லாவிட்டால் கட்டட இரும்பு, சிக்னல் ஒயர், மோட்டார் பேரிங் என்று கிடைத்ததன் வழியே திரும்பும். ஆளைக் காக்கும் எர்த் ஒயர் 50 சைக்கிளுக்கு நல்ல வழிதான். வானொலி பாடும் அந்தப் பத்து லட்சம் சைக்கிளில் ஒரு மீட்டர் ஒயரே 6 ஓமுக்கு மேல் தடுக்கும். குழியோ தோட்டத்து மூலையில் இருக்கிறது.

ஆகவே இன்றைய நல்ல வேலை, ஃபோர்மேன் சொல்லித்தந்ததற்கு நேர் எதிர். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பின் மேல் டிரைவைப் பொருத்த வேண்டும். மோட்டாருக்கு, மேலே உலோக உறை சுற்றிய ஷீல்டு கேபிள். அந்த ஷீல்டை முறுக்கி ஒரு வாலாக்கி போல்ட்டில் மாட்டக் கூடாது, இரண்டு முனையிலும் கிளாம்ப் அதைச் சுற்றிலும் கவ்வ வேண்டும். கசிந்த கரன்ட் திரும்பிவரக் கிட்டத்து வழி அதுதான். மோட்டார் கேபிளுக்குத் தனி டிரே, சிக்னல் ஒயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி. குறுக்கே போயாக வேண்டுமானால் செங்குத்தாக. மோட்டார் கீச்சிடுகிறது என்று கேரியர் ஃப்ரீக்வென்சியை, அதாவது டிரைவ் நொடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பதை, ஏற்றிவிடுகிறார்கள். காதுக்கு இதம்தான், ஆனால் கசிவு கூடும். ஃபேன் ரூமில் அந்த இதம் யாருக்கு?

அந்த மில்லில் கடைசியில் மோட்டார் கேபிளைத் தனி டிரேக்கு மாற்றி, ஷீல்டைக் கிளாம்பில் கவ்வ வைத்தோம். சென்சார் அடங்கியது. கூடுதலாக ஒரு ஃபில்டர்கூட வாங்கவில்லை.

புதிதாக டிரைவ் மாட்டுகிறவர்கள் கான்ட்ராக்டருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே ஷீல்டு கேபிள், சுற்றிக் கவ்வும் கிளாம்ப், தனி டிரே மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மில் ஓடத் தொடங்கிய பிறகு டிரெஞ்சைத் திறக்க ஷிப்டையே நிறுத்த வேண்டிவரும்.