வீவக வீட்டில் பீர் காய்ச்ச விரும்புவோர்க்கு

முதலில் நல்ல செய்தி. சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமல்ல. 2004 முதல் சுங்கத் துறையிடம் உரிமம் வாங்காமலே காய்ச்சலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது, விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவே கூடாது. 30 லிட்டர் என்றால் 330 மில்லி பாட்டிலில் 90. ‘அவ்வளவுதானா?’ என்று கேட்பவர் இன்னும் ஒரு பாட்டில்கூடக் கழுவிப் பார்க்காதவர்.

ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் ஆள் சேராது.

படி 1: ஆள் சேர்த்தல்

நான்கு பேர் போதும். ஒருவர் வீடு தருபவர். ஒருவர் கார் வைத்திருப்பவர். மூன்றாமவர் எல்லாக் காணொளிகளையும் பார்த்து முடித்த மேதை. சட்டியைத் தொடமாட்டார், ஆனால் தண்ணீரில் கால்சியம் போதாது என்பார். இந்த மூவரும் சிராங்கூன் சாலையில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைப்பார்கள். நான்காமவர்தான் அரிது: கழுவுபவர். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எழுபவர் யார் என்று பாருங்கள். அவரை மடக்குங்கள். தலைவர் பதவி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

படி 2: வீட்டில் அனுமதி

சுங்கத் துறை கேட்காத கேள்வியெல்லாம் வீட்டில் கேட்பார்கள். பீர் என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். “மால்ட் ஊறும்போது வீடெல்லாம் ஹார்லிக்ஸ் வாசம் வரும்” என்று சொல்லுங்கள். பொய்யில்லை, இரண்டுக்கும் ஆதாரம் முளைகட்டிய பார்லிதான். பிறகு ஹாப்ஸ் பூ கொதிக்கும், அந்தக் கசப்பு வாடை திரைச்சீலையில் தங்கும் என்பதை இப்போதே சொல்லிப் பயமுறுத்துவானேன்? பீர் புளிக்கும் வாளியை வெளியே வைக்கச் சொன்னால் மட்டும் இணங்காதீர்கள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதி கைகொடுக்கும்.

படி 3: காய்ச்சுதல்

20 லிட்டர் பீருக்கு நொறுக்கிய மால்ட் சுமார் 5 கிலோ. 65 முதல் 68 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் ஊற விட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகும். சாற்றை வடித்து இன்னொரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. அடுத்து, சட்டென்று 20 டிகிரிக்கு ஆற்ற வேண்டும். இங்கேதான் நம் ஊர் காலை வாரும். குளிர்நாட்டுக்காரர் செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு வேலையை முடிப்பார். நம் குழாயில் வருவதே வெதுவெதுப்பு. கார்க்காரரை ஐஸ் வாங்க அனுப்புங்கள். அவர் வரும்வரை மற்றவர்கள் கழுவலாம்.

படி 4: புளிக்க விடுதல்

ஆறிய சாற்றை வாளியில் ஊற்றி ஈஸ்ட் சேருங்கள். ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். நம் சமையலறை பகலில் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு வாழைப்பழ மணத்தையும் மறுநாள் தலைவலியையும் சேர்த்தே தயாரிக்கும். பழைய குளிர்பெட்டி ஒன்றில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தலாம். ஈரத்துண்டு சுற்றி மின்விசிறி போடலாம். அல்லது நார்வே பண்ணைகளில் வளர்ந்த குவைக் ஈஸ்ட்டை வரவழைக்கலாம். அது 30, 35 டிகிரியிலும் அசராது. நார்வேயிலிருந்து வந்தது புழுக்கத்தைத் தாங்கும். தஞ்சாவூரிலிருந்து வந்த மேதைதான் ஏர்கான் கேட்பார்.

தோசை மாவுப் பாத்திரம் இருக்கும் பக்கம் இந்த வாளியை வைக்கவே வேண்டாம். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்குப் பாரபட்சம் கிடையாது. பீரையும் அதே அக்கறையோடு புளிக்க வைக்கும். இரண்டில் ஒன்றுதான் வீட்டில் இருக்கலாம் என்று நிலைமை முற்றினால், வெளியேறப் போவது எது என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: பாட்டிலில் அடைத்தல்

20 லிட்டருக்கு 60 பாட்டில். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமிநாசினியில் முக்கி, கவிழ்த்து வையுங்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முதல் நாள் 1.050, இப்போது 1.010 என்று காட்டினால் வித்தியாசத்தை 131.25 ஆல் பெருக்குங்கள்: 5.25 விழுக்காடு ஆல்கஹால். அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும். நுரைக்காக லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை. “இன்னும் ஒரு கை போடு மச்சான், நல்லா நுரைக்கும்” என்பவரைச் சமையலறையை விட்டு அனுப்பிவிடுங்கள். பாட்டில் வெடிக்கும், கண்ணாடியைக் கூட்டிப் பெருக்க அவர் வரமாட்டார்.

படி 6: அருந்துதல்

வீட்டுக்குள் மட்டும். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இரவு 10.30 முதல் காலை 7 வரை தீவு முழுவதும் பொது இடத்தில் குடிக்க முடியாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரையும் தடை. நண்பர் வீடு லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் என்றால், கிளாஸோடு புளோக் கீழ்த்தளத்துக்கு இறங்காதீர்கள். ஞாயிறன்று தேக்காவுக்கு வந்து மாலையில் விடுதிக்குத் திரும்பும் வெளிநாட்டு ஊழியருக்கு, வீட்டுக்குள் குடியுங்கள் என்ற ஆலோசனை உதவாது. இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் மூலப்பொருள் மால்ட் அல்ல, சாத்திக்கொள்ள ஒரு கதவு.

வெண்ணெய் வாடை, பச்சை ஆப்பிள் வாடை, வெந்த சோள வாடை மூன்றும் குறைகள். விருந்தினரிடம் ‘தனித்தன்மை’ என்று சொல்லுங்கள்.

வழக்கமாக எழும் ஐயங்கள்

*தண்ணீர் சரியில்லையோ?* அந்தச் சாக்கு செல்லாது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நியூவாட்டரிலேயே பொதுப் பயனீட்டுக் கழகமும் புருவர்க்ஸ் பீர் நிறுவனமும் சேர்ந்து நியூபுரூ என்ற பீரைக் காய்ச்சி, 2022-இல் கடைகளில் விற்றன.

*கொத்தமல்லி சேர்க்கலாமா?* தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் கூடாது என்றது பவேரியாவின் 1516 சட்டம். பெல்ஜியத்துக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் மரபு. தேக்காவில் நல்ல விதை கிடைக்கும். சாம்பார்ப் பொடியோடு வரும் நண்பரைத் தடுங்கள்.

*காசு மிச்சமா?* பீருக்கு வரி, அதிலுள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி. 5 விழுக்காட்டு பீர் 330 மில்லிக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி. அந்த வெள்ளி உங்களுக்கு மிச்சம். குளிர்பெட்டி, ஐஸ், திரைச்சீலைச் சலவை தனிக் கணக்கு.

*விற்கலாமா?* கூடாது. வாங்க ஆள் உண்டா என்று சட்டம் யோசிக்கவில்லை.

*குடும்பத்துக்கு என்ன லாபம்?* கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதெல்லாம் சுத்தமல்ல என்று அறிந்த ஓர் ஆண்மகன் வீட்டுக்குக் கிடைக்கிறார். 60 பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கழுவியவரிடம், அதே தொட்டியில் கிடக்கும் குழம்புச் சட்டியையும் நீட்டலாம். அதற்குச் சுங்கத் துறை மாத வரம்பு எதுவும் வைக்கவில்லை.