சிமிட்டும் விளக்கின் நீதி

மாத்தளையிலிருந்து நாவுல வழியாகத் தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் ஓடும் பழைய மொரிஸ் மைனரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் தட்டையும் கழற்றிப் பாருங்கள். அடியில் சின்னதாய் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங். எஞ்சின் வேகமெடுக்க, எடைகள் விரிந்து தீப்பொறியைத் தாமாகவே முந்தச் செய்யும். 1948இல் அறிமுகமான கார்; அதை ஒருவரும் கள்ளாட்டம் என்றதில்லை. ரேடியோவால் ஓட்டும் சின்னக் காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இதே வேலையை, அதாவது மின்மோட்டாரின் டைமிங்கை முந்தச் செய்வதை, மென்பொருளால் செய்தால் மட்டும், எல்லாருக்கும் ஒரே வகை மோட்டார் என்ற ‘ஸ்டொக்’ பந்தயத்தில் குற்றம். டைமிங் பூச்சியம்தான் என்று சத்தியம் செய்ய, கருவியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதை அனுமதித்தால் காசுள்ளவன் புதுக் கருவி வாங்கி வென்றுவிடுவான், மோட்டாரும் கருகும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் மோட்டாரின் பின்மூடித் திருகைத் தளர்த்தி, கோடு பார்த்துக் கையால் திருப்பினாலும் டைமிங் ஏறுகிறதே! சூடும் அதே சூடுதான். ஸ்டொக் பந்தயத்துக்கான 17.5 சுற்றுக் கம்பி மோட்டார் நாலைந்து வாங்கி, எது சற்றே துள்ளுகிறது என்று பொறுக்கி எடுப்பவனும் ஏழையல்லன். தானாக ஏறினால் மோசடி, ஸ்குறூ டிரைவரால் ஏறினால் கைப்பக்குவம். சில இடங்களில் அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் விளக்கு சிமிட்டினால் கார் பந்தயத்துக்குப் போகலாம்.