கட்டைவிரல் ஹையர்

நோக்கியா நிறுவனம் 2008 ஜூனில் ஈ71 என்ற போனையும், அதே ஆண்டு நவம்பரில் ஈ63 என்ற போனையும் அறிவித்தது. இரண்டிலும் திரைக்குக் கீழே கம்ப்யூட்டரில் இருப்பது போலவே முழு எழுத்து வரிசை, எழுத்துக்கு ஒரு பட்டன். திரை ஒரே அளவு. பேட்டரி அதே 1500 எம்ஏஎச். உள்ளே ஓடும் சிம்பியன் மென்பொருளும் ஒன்றுதான். அக்கா தங்கை போல இரண்டும் அடுத்தடுத்துக் கடைக்கு வந்ததில், எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாமல் நின்றுவிட்ட ஒருவர் உண்டு. 2009-இல் சென்னையில் ஆபீசுக்கு ஒருவராவது இருந்தார்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வங்கி, இன்சூரன்ஸ், ஆடிட்டர் ஆபீஸ் போன்ற இடங்களில் காணலாம். சட்டைப்பையில் நோக்கியா 1100. இவருடைய சிக்கலைப் புரிந்துகொள்ள, பிளஸ் டூ விடுமுறையில் இவர் போய்வந்த டைப் இன்ஸ்டிடியூட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று மாதக்கணக்கில் ஒரே வரியை அடித்து, லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் தேறியவர். நிமிடத்துக்கு 45 சொல் வேகம். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் 1100-இல் ஓர் 'எஸ்' வரவழைக்க ஏழாம் எண்ணை நான்கு முறை அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த அவமானத்துக்கு ஈ71-உம் ஈ63-உம்தான் பரிகாரம் என்று நம்பினார்.

ஆனால் பரிகாரத்திலும் ஒரு நெருடல் இருந்தது. டைப்ரைட்டரில் கட்டைவிரலுக்கு ஒரே வேலை, ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. இந்தப் போன்களிலோ மற்ற எட்டு விரலும் பின்பக்கம் போய்த் தாங்கிப் பிடிக்கும் எடுபிடிகளாகிவிட, எழுத்து வேலை முழுவதும் இரண்டு கட்டைவிரல்கள் தலையில் விழுகிறது. டைப் மாஸ்டர் பார்த்தால் மணிக்கட்டில் ஸ்கேலால் போடுவார். எனவே எந்தப் போன் இந்த முறைகேட்டைக் குறைவாகச் செய்கிறது என்று ஆராயாமல் வாங்குவதில்லை என இவர் தீர்மானித்தார். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கப்பட்டது. நடுவில் ஒரு கோடும் போடப்பட்டது.

கோட்டுக்கு இடப்பக்கம் ஈ71. உலோக உடம்பு, 10 மில்லிமீட்டர் கனம், 3.2 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ். வலப்பக்கம் ஈ63. பிளாஸ்டிக் உடம்பு, 13 மில்லிமீட்டர், 2 மெகாபிக்சல், ஜிபிஎஸ் கிடையாது, விலை குறைவு. இத்தோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் விலை கூடிய ஈ71-இல் இயர்போன் துளை 2.5 மில்லிமீட்டர், வீட்டில் கிடக்கும் எந்த இயர்போனும் நுழையாது. விலை குறைந்த ஈ63-இல் சாதாரண 3.5. தவிர, ஈ63-இல் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் பின்னாலுள்ள ஃபிளாஷ் டார்ச்சாக எரியும். டார்ச் இல்லாத போனை, டார்ச் உள்ள 1100-ஐ வைத்திருப்பவரிடம் எப்படி விற்பது? கரண்ட் போகும் நேரத்தில் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி நோட்டில் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது.

ஜிபிஎஸ் பற்றித் தனியாகவே மூன்று பக்கம். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போய்த் திரும்பும் மனிதருக்கு வழி தவற வாய்ப்பில்லை, தண்டவாளம் விடாது. ஆனாலும் 'இருந்தால் நல்லது' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். எடையில் ஈ71 127 கிராம், ஈ63 126 கிராம். ஒரு கிராம்தானே என்று யாராவது சொன்னால் நகைக்கடைக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கும்படி பதில் வரும்.

எல்லாவற்றையும் விட இவரைப் புண்படுத்தியது மனைவியின் தீர்ப்புதான். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஏங்க, ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியங்களில் இவர் ரிச்சி தெருவிலுள்ள ஒரு போன் கடைக்குப் போவார். கடைப் பையன் முதல் வாரம் "வாங்க சார்" என்பான், மூன்றாம் வாரம் "சொல்லுங்க சார்" என்பான், ஐந்தாம் வாரம் பேசாமல் இரண்டு பெட்டியையும் எடுத்து வைப்பான். இவர் முதலில் பேட்டரியைக் கழற்றி, எந்த நாட்டில் செய்தது என்று பார்ப்பார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "ஃபின்லாந்துல செஞ்சது இருக்கா தம்பி?" என்று கேட்பார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். ஈ71-இல் பட்டன்கள் நெருக்கம். இவருடைய கட்டைவிரல் 'எஃப்'-ஐத் தேடிப் போய் 'ஜி'-யையும் சேர்த்துக்கொண்டு வரும். ஈ63-இல் வரி சரியாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் ஸ்பேஸ் பாரில் விரல் சற்று அதிகம் தங்கிவிட, டார்ச் பையனின் கண்ணில் பளீரென்று அடித்தது.

"சார், இதையே போட்டுடவா?"

"இல்ல தம்பி, அது உலோகம்."

இத்தனை வேகத்தில் இவர் அடிக்கப் போவது என்ன என்பதையும் குறிப்பிட வேண்டும். இவர் அனுப்பும் எஸ்எம்எஸ்களில் பெரும்பாலானவை 'ஓகே', 'ரீச்டு' என்ற இரண்டே சொற்கள். பொங்கல், தீபாவளிக்கு மட்டும் நீண்ட வாழ்த்து அனுப்ப ஆசை உண்டு. பண்டிகை நாட்களில் அப்போது எஸ்எம்எஸ் பேக் செல்லாது, முழுக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் முந்தின நாளே 'அட்வான்ஸ் வாழ்த்து' போய்விடும்.

இவரால் நன்மை அடைந்தோர் பலர். முடிவெடுக்க முடியாதவரைப் போல் ஆலோசனை சொல்லத் தகுந்தவர் கிடையாது. இரண்டு பக்க நியாயமும் அவருக்குத்தான் தெரியும். ஆபீசில் ஊர் சுற்றும் வேலையிலிருந்த ஒருவர் கேண்டீன் வரிசையில் நிற்கும்போது கேட்டு, அன்று மாலையே ஈ71 வாங்கினார். மச்சினன் போனில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஈ63 வாங்கினான். இருவருக்கும் இவர் சொன்னது சரியாகவே இருந்தது. இரண்டு போனிலும் ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று முகப்புத் திரையையே இரண்டாக மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நோக்கியாவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை என்பதை இவர் ஒரு சான்றாகக் காட்டுவார்.

2009 ஜூனில் ஈ72 அறிவிக்கப்பட்டது. உலோக உடம்பு, ஜிபிஎஸ், 5 மெகாபிக்சல், 3.5 துளை, டார்ச் எல்லாம் ஒரே போனில். நோட்டின் நடுக்கோட்டுக்கு வேலை இல்லாமல் போனது. இவர் சில மாதம் வாடிய முகத்தோடு, விலை இறங்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2010 ஏப்ரலில் ஈ5 வந்தது. பிளாஸ்டிக் உடம்பு, ஈ72-இல் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தது, விலையும் குறைவு. அன்றே புதுப் பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

பின்னர் மச்சினன் தொடுதிரை போனுக்கு மாறினான். பழைய ஈ63-ஐக் கொண்டுவந்து, "நீங்களே வெச்சுக்கங்க மாமா, காசெல்லாம் வேணாம்" என்று நீட்டினான். இவர் வாங்கிப் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டினார். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் அடித்தார். ஸ்பேஸ் பாரை அழுத்தி டார்ச்சையும் ஒருமுறை எரித்து அணைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்று திருப்பிக் கொடுத்தார். "ஈ71-ஆ இருந்திருந்தா யோசிக்கலாம்."