அசையாக் கடை: ஸ்டேஷனரிப் பலகைகளின் ஏ–ஈ பேதம் குறித்து ஓர் ஆய்வு

நாட்டில் தீராத சிக்கல்கள் எத்தனையோ இருக்க, ஒற்றை எழுத்தை ஆராயப் புகுந்தது ஏன் என்று கேட்பார் கேட்கலாம். மற்றவற்றுக்கெல்லாம் குழு அமைத்தாயிற்று. இதற்கு மட்டும் நாதியில்லை என்பதே விடை.

சிக்கல் இதுதான். நோட்டு, பேனா, ஸ்கேல், சார்ட் பேப்பர் விற்கும் கடைப் பலகையில் ஸ்டேஷனரி என்று ஆங்கிலத்தில் எழுதினால், பத்தெழுத்துச் சொல்லின் எட்டாம் எழுத்து ஈ ஆக இருக்க வேண்டும். அங்கே ஏ விழுந்தால் 'அசையாமல் நிற்பது' என்று பொருளாகிவிடும். தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் ஏ போட்ட பலகை ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. ஒரே பலகையின் இருபுறமும் இரண்டு விதமாக எழுதியிருந்த ஒரு கடையை இவ்வாய்வாளர் நேரில் கண்டு, முதலாளியிடம் விளக்கம் கோரினார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். என்ன வேணும், அதச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. இக்கூற்றின் ஆழம் போகப்போக விளங்கும்.

இதை மயங்கொலிச் சொற்களில் அடக்கலாமே என்பாரும் உளர். அற்றன்று. 'மனம்', 'மணம்' இரண்டையும் திருத்தமாகச் சொல்லப் பழகியவருக்கு எழுத்தும் தானே திருத்தமாக வரும். பிழை நாக்கில் பிறந்து கைக்கு இறங்குகிறது. இவ்விரு ஸ்டேஷனரிகளையோ லண்டன்காரர் சொன்னாலும் லால்குடிக்காரர் சொன்னாலும் அவரவர் வாயில் ஓசை ஒன்றே. நாக்கும் காதும் நிரபராதிகள். ஆதலின் இவற்றை 'மயங்கெழுத்துச் சொற்கள்' என வழங்குதலே தகும். (இச்சொல்லாக்கத்துக்குப் பரிசு தர விரும்புவோர் தயங்க வேண்டாம்.)

இனி வரலாறு. இடைக்கால ஐரோப்பாவில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சரக்கு விற்றவர்கள் ஏராளம். அவர்களைப் போல அலையாமல், பல்கலைக்கழகத்தை அண்டி ஓரிடத்தில் கடைபோட்டுப் புத்தகம் விற்றவரை லத்தீனில் 'ஸ்டேஷனாரியஸ்' என்றார்கள். நிலையாக இருப்பவர் என்பது பொருள். பாரிஸிலும் பொலோன்யாவிலும் இவர் பாடநூலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, நகலெடுத்துக்கொள்ள வாடகைக்கு விட்டார். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரரின் மூதாதை என்க. லண்டனில் இத்தொழிலார் 1403-இல் சங்கம் கண்டனர். 1557-இல் அரச பட்டயமும் பெற்றனர். 1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுதி வெளிவந்தபோது, அதுவரை அச்சேறாத நாடகங்களுக்கு உரிமை பதிந்தது இவர்களுடைய பேரேட்டில்தான். இவர்கள் புத்தகத்தோடு தாளும் மையும் இறகுப் பேனாவும் விற்றார்கள். காலப்போக்கில் புத்தக வியாபாரம் வேறு பெயரில் பிரிந்து போயிற்று; தாளும் மையும் மட்டும் இவர்கள் பெயரிலேயே தங்கிவிட்டன.

ஆக, ஸ்டேஷனர் என்று அவருக்குப் பெயர் வந்ததே அவர் கடை அசையாததால்தான். பத்திரப்பதிவு அலுவலகத்து மொழியில் சொன்னால், அசையாச் சொத்து. ஏ-யும் ஈ-யும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற கடைக்காரர் லத்தீன் படித்தவரல்லர். ஆனாலும் லத்தீன் அவர் பக்கம் நிற்கிறது.

அற்றேல், பேக்கரிப் பலகையில் இந்தக் குழப்பம் காணப்படாதது ஏன்? பேக்கர் என்றொரு ஆள் இருக்கிறார். அவர் பெயரின் வாலில் உள்ள ஈ, கடையின் பெயரிலும் அப்படியே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்டேஷனர் என்ற ஆளையோ நாம் கண்டதில்லை. இங்கே வந்து இறங்கியது சரக்கு மட்டுமே. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர்தான். அவர் பேனா விற்பதில்லை. பிழைக்கு இதுவே மூலகாரணம் என்பது இவ்வாய்வின் துணிபு. ஒரு பலகையைப் பார்த்து இன்னொரு பலகை எழுதுவதை ஈயடிச்சான் காப்பி என்று பழிப்பது வழக்கம். இங்கே காப்பியடித்தவர்கள் எல்லாவற்றையும் அடித்து, ஈயை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பள்ளிகளில் இதற்கு மருந்து உண்டு. என்வலப் ஈ-யில் தொடங்குகிறது, ஆகவே என்வலப் விற்கும் கடைக்கும் ஈ என்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அதே மருத்துவர்கள் பிரின்சிபலுக்குத் தரும் மருந்து வேலை செய்வதில்லை. கொள்கையைக் குறிக்கும் பிரின்சிபிளிலிருந்து கல்லூரி முதல்வரைப் பிரித்தறிய, கடைசி மூன்றெழுத்தைப் பார், அது 'தோழன்' என்பதன் ஆங்கிலம், முதல்வர் உன் தோழர் என்று சொல்லித்தருகிறார்கள். முதல்வர் அறை வாசலில் ஒரு பீரியட் நின்றவன் இதை நம்பமாட்டான். வங்கிக் கடனின் அசலுக்கும் அதே எழுத்துத்தான். அசலும் யாருக்கும் தோழனாக இருந்ததில்லை.

பிரித்து எழுதப்பட்ட உடன்பிறப்புகள் வேறும் உண்டு. பூவைக் குறிக்கும் ஃபிளவரும் மாவைக் குறிக்கும் ஃபிளவரும் நெடுங்காலம் ஒரே சொல்லாக இருந்தவை. அரைத்த தானியத்தில் சிறந்த பகுதி அதன் பூ என்பது கருத்து. மைதா பாக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஏ–ஈ பேதத்தால் இதுவரை எவர் உயிருக்கும் ஆபத்து இல்லை. எழுத்தால் ஆபத்து வரக்கூடிய இடம் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம். இன்ஃப்ளேமபிள் என்பதன் 'இன்' பார்வைக்கு எதிர்மறை போல நிற்கிறது. 'தீப்பற்றாது' என்று படிப்பவரைக் குறைசொல்ல முடியாது. உண்மையில் 'இன்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தீப்பற்றும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்த 'இன்'னை வெட்டிவிடுமாறு 1920-களிலேயே சொல்லிவிட்டது. நம் நெடுஞ்சாலையில் அது இன்னும் ஓடுகிறது. ஆர்வலர்கள் கடைப் பலகைகளை விட்டுவிட்டு இங்கே கவனம் செலுத்தலாம்.

தீர்ப்பு வருமாறு. நாலு சுவரும் ஷட்டரும் உள்ள கடைக்காரர் ஏ போட்டிருந்தால் பலகையை மாற்ற வேண்டியதில்லை. ஃபிளெக்ஸ் செலவு மிச்சம். ஈ போட்டிருந்தாலும் பாதகமில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தள்ளுவண்டியில் நோட்டு விற்க வருகிறவர் மட்டும் கண்டிப்பாக ஈ-தான் எழுத வேண்டும். வண்டிக்குச் சக்கரம் உள்ளவரை அவருக்கு ஏ செல்லாது.