பழைய வண்டியும் காலி பர்ஸும்

பழைய புல்லட் ஒன்றை வாங்கி என் இஷ்டத்துக்கு மாற்றப் போகிறேன். கையைக் கடிக்குமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

கையை அப்புறம் கடிக்கும். முதலில் காலை! அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, அப்புறம்தான் உதைக்க வேண்டும். சடங்கில் ஒன்று குறைந்தால் வண்டி உங்களைத் திருப்பி உதைக்கும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களை வாங்கினால் செலவு குறையுமாமே?

குறையும். ஒரு சைலன்சர் வாங்கப் போய், முக்கால் பைக்கோடு திரும்பியவன் நான். இன்ஜினை மட்டும் பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். ஆர்டிஓ நம்பரைத்தான் பார்ப்பார், உங்கள் ரசனையை அல்ல.

என்னிடம் இருப்பது பழைய எஸ்டி பைக். டேங்க், சீட், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றியாயிற்று. இன்னும் இது எஸ்டிதானா?

கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அதுவே கிக்கர் ஆகிறதா? அப்படியானால் எஸ்டிதான். அதைத் தயாரித்த மைசூர் தொழிற்சாலையை 1996-லேயே மூடியாயிற்று, அதனால் கழற்றிய டேங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் அதைத் தேடி அலையப் போவதும் நீங்கள்தான்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? என் மனைவி கேட்கச் சொன்னாள்.

பெயின்ட்டில், குரோமில். டயரிலும் பிரேக்கிலும் கூடவே கூடாது. அது சரி, அவரிடம் மொத்தக் கணக்கைச் சொன்னீர்களா, பெயின்ட் டப்பா விலையை மட்டும் சொன்னீர்களா?